நடுப்பொட்டுக்கு வெளியே

நான் வேலை பார்த்த இடத்து இருட்டறைக்குக் கதவு இருந்தும், கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியும் தொங்கும். கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்துவிடுகிறது என்று மேடம்தான் அதைத் தைக்கச் சொல்லி மாட்டியிருந்தார். அதை விலக்கிக்கொண்டு முதல் தடவை உள்ளே போனபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கரண்டே இல்லாத வீட்டில் பிறந்தவள்தான் நான், சாதாரண இருட்டு எனக்குப் பழகினதுதான். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு என்று தனியாக ஒரு இருட்டு உண்டு. அது பட்டப்பகலில், இளந்தாரி வயசில், கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கண்ணை வைத்துப் பார்க்கிற எந்தக் கருவியைக் கண்டாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு உதறல். மேடம் என் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, “ஒரு கண்ணை மூடிக்கங்கக்கா, இதுல பாருங்க” என்றார். பார்த்தேன். கறுப்பில் நீலமாக ஏதோ மினுக்கியது. நடுவில் மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு பெரிய பொட்டு. அதைச் சுற்றி, கோலமாவு சிந்தினது போல, சின்னச் சின்னதாக நிறையப் பொட்டுகள்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கட்டிக்கொடுத்தது கடலூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போன பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்கே வந்து, சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலையில் சேர்ந்தேன். தட்டு, குழாய், குடுவை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கழுவுவதுதான். யாரிடமும் வாய் திறக்கமாட்டேன். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிற ஆள். அந்த இடத்தில் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது அந்த மேடம் ஒருவர்தான். வெளியூர்க்காரர். என்னைவிடச் சின்ன வயசு. டப்பாவில் தயிர்சாதம், காலில் தேய்ந்த செருப்பு, தலையில் எந்நேரமும் ஒரு பேனா. அவர் ஆராய்ச்சி செய்தது அமீபாவை.

குளத்துத் தண்ணீரில் இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம், உடம்பு முழுக்க ஒரே ஒரு செல்தானாம். அதை வளர்ப்பதற்கு வைக்கோலை வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஆறவைத்து ஊற்றவேண்டும். மருந்தடிக்காத வைக்கோல் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் வீட்டு மாட்டுக்கு வைத்திருந்ததில் ஒரு கட்டை நான்தான் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தேன். வைக்கோல் வேகிற வாசனை வராந்தா முழுக்க வரும். “என்ன மேடம், மாட்டுக்குக் கஷாயமா?” என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார். அமீபாக்களைப் பசங்க என்றுதான் சொல்வார். நான் குடுவையைச் சத்தமாக வைத்துவிட்டால், “மெதுவாக்கா, பசங்க இருக்காங்க” என்பார். அவருக்குச் சொந்தமாகப் பசங்க இல்லை.

அந்த நீலப் பொட்டு விஷயத்தை எனக்குப் புரிகிற மாதிரி அவர் ஒரு நாள் சொன்னார். உயிர் எப்படி வளரவேண்டும், எப்படி நடக்கவேண்டும் என்பதெல்லாம் எழுதிவைத்த மெல்லிசு நூல் ஒன்று ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறதாம். டி.என்.ஏ. என்று அதற்குப் பெயர். ஒரு சாயத்தை விட்டால் அந்த நூல் இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, தனி வெளிச்சத்தில் மினுக்கும். நடுவில் இருக்கிற பெரிய பொட்டுதான் உட்கரு, நூல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆனால் வெளியேயும் கொஞ்சம் நூல் உண்டு, அந்தச் சின்னப் பொட்டுகள் அதுதான் என்பது மேடத்தின் பேச்சு. உலகத்துக்கு அது புதுசு இல்லையாம். நம்ம ஊர்க் குளத்து அமீபாவில் அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவர் தேடியது. அவருக்கு மேலே இருந்த ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் முன்னால், “நீங்க பாத்தது அமீபாவோட சொத்து இல்லம்மா, அது தின்ன பலகாரம்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அமீபா கிருமிகளைத் தின்னுமாம், தின்ற கிருமியின் நூல்தான் வயிற்றுக்குள் மினுக்குகிறது என்று அர்த்தம். மேடம் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கே அமீபாக்களைப் பட்டினி போட்டார். கிருமி வளர்கிற வைக்கோல் தண்ணீரை நிறுத்தி, சுத்தமான தண்ணீரில் விட்டு, அதையும் தினம் மாற்றினார். தின்றது எல்லாம் செரித்து வெளியேறிய பிறகும் பொட்டு இருந்தால் அது அமீபாவினுடையது. இல்லாமல் போனால் அத்தனை வருஷ உழைப்பும் பலகாரம். அந்த நாட்களில் தட்டு கழுவுகிற எனக்கும் பயம், என் கையால் ஏதாவது அழுக்கு ஒட்டி அவர் பிழைப்பு கெட்டுவிடுமோ என்று. கழுவினதையே மறுபடி கழுவுவேன். “ஏன் மேடம், பாத்துடறதுக்கு முன்னால பயமா இல்லியா?” என்று ஒரு நாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். “பயந்தா பாக்க முடியாதுக்கா. பாத்துட்டுப் பயப்படலாம்” என்றார். அந்த வார்த்தை எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியவில்லை.

இதற்கு நடுவே எங்கள் குடும்பத்துச் சங்கதியைச் சொல்லியாகவேண்டும். என் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமன், நெல் அரைக்கிற மில்லில் வேலையாக இருந்தவர். கல்யாணமாகி ஒரு ஆண்குழந்தை பிறந்த சமயத்தில் அவருக்குக் கண் போனது. வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணீர் வடியவில்லை. ஒரு கண்ணில் நடுவில் புகை மாதிரி ஏதோ நிற்கிறது என்றார். கொஞ்ச நாளில் அடுத்த கண்ணிலும் அதேதான். வரப்பின் ஓரம் தெரியும், வரப்பு தெரியாது. மில்லில் வேலை போனது. ஊரில் என்னென்னவோ சொன்னார்கள். சர்ப்ப தோஷம் என்றார்கள், மில் தவிட்டுத் தூசி என்றார்கள், குடி என்றார்கள். அந்த மனுஷர் வெற்றிலைகூடப் போடமாட்டார்.

மாமாவின் பையனுக்குத்தான் என்னைக் கொடுப்பது என்று சின்னதிலிருந்தே பேச்சு. முறை அது. எனக்கும் அவர்மேல் பிரியம்தான், அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. வயசு வந்து கேட்டு வந்தபோது எங்கப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். குருட்டு வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டேன், அப்பனுக்கு வந்தது நாளைக்குப் பிள்ளைக்கு வரும், பேரனுக்கு வரும் என்றார். அம்மா ஒரு ஓரமாக அழுதாள், தன் தம்பி வீடாயிற்றே. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உனக்கு என்ன தோணுது என்று என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். சுத்தமான வீடு பார்த்து, உறவே இல்லாத இடமாகப் பார்த்து, கடலூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா வீட்டோடு போக்குவரத்து அறுந்தது.

அப்புறம் என் தம்பிக்கும் வந்தது. எங்கப்பா இடிந்துபோனார். அப்போதும் அவர் சொன்னது, அந்த வீட்டுக் காற்று பட்டுவிட்டது என்றுதான். தம்பியைக் கடலூர், புதுச்சேரி என்று அழைத்துக்கொண்டு அலைந்தோம். ஒரு டாக்டர் நரம்பு காய்ந்துவிட்டது என்றார், அதோடு சரி. தம்பி என் முகத்துக்கு நேரே திரும்பி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, “அக்கா, உன் மூஞ்சிதான் இல்ல. தோடு தெரியுது” என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மேடத்தின் அமீபாக்கள் பட்டினி கிடந்து முடிந்த அன்றைக்கு, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடம் என்னைத்தான் கூப்பிட்டார். மறுபடி அந்தக் கறுப்புத் துணி, ஸ்டூல், நீலம். பார்த்தேன். பொட்டுகள் அப்படியே இருந்தன. “போகல பாத்தீங்களா? அதோடதுதான்க்கா. அதோட சொந்தச் சொத்து” என்றார். சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு நிற்கவில்லை. அந்தச் சின்னப் பொட்டுகள் இருக்கிற இடம் செல்லுக்கு அடுப்பு மாதிரியாம், சக்தி அங்கேதான் உண்டாகிறதாம். ஒவ்வொரு அடுப்புக்கும் சொந்தமாகக் கொஞ்சம் நூல். “நம்ம உடம்புலயும் இதே கதைதான்க்கா. நடுவுல இருக்கறது அம்மா பாதி, அப்பா பாதி. வெளிய இருக்கறது அம்மாகிட்டேர்ந்து மட்டும்தான் வரும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப அதுல அப்பனுக்கு ஒண்ணுமே இல்லியா மேடம்?” என்று கேட்டேன். ஒண்ணுமே இல்லை என்றார். இருட்டில் ஆள் முகம் தெரியாது என்பதால் எனக்கு வாய் வந்ததோ என்னவோ, கண் நரம்பு காய்வதுகூட இப்படி எங்கிருந்தாவது வருமா என்று கேட்டு, மாமா கதையையும் தம்பி கதையையும் சொன்னேன். தோடு தெரிந்த கதையை. மேடம் சட்டென்று லைட்டைப் போட்டார். கண் கூசியது. அவர் முகத்தில் சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை.

“உங்க மாமாவுக்கும் இதேதான்னு சொன்னீங்களே. அம்மாவோட கூடப்பிறந்தவரா, அப்பா வழியா?”

“அம்மாவோட தம்பி மேடம்.”

“அவரோட பிள்ளைங்களுக்கு?”

“ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காங்க.”

எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே பையன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டாக்டர் இல்லக்கா என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அடுப்பின் நூலில் ஒரு எழுத்து பிசகிவிட்டால், ரொம்பத் தீனி கேட்கிற கண் நரம்புதான் முதலில் வாடுமாம். அது அம்மா வழியில்தான் இறங்கும். ஆம்பளை தன் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டான், பொம்பளைதான் கொடுப்பாள். அவளுக்குக் கண் நன்றாகவே இருக்கலாம், ஆனாலும் கொடுப்பாள். பையன்களுக்குத்தான் ஜாஸ்தி வரும். எல்லாருக்கும் வரும் என்பதும் கிடையாது.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. குருட்டு வீடு எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமா வீட்டில் அது இல்லவே இல்லை. மாமாவோடு அது நின்றுவிட்டது. அந்த வீட்டிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, என்னைக் கடலூருக்கு அனுப்பினார்கள். அது எனக்குள்ளே உட்கார்ந்து என்னோடேயே பஸ் ஏறிப் போயிருக்கிறது. மாமாவின் பேரன் இப்போது சிதம்பரம், கடலூர் ரோட்டில் பஸ் டிரைவர். அந்தப் பஸ்ஸில் நானே போயிருக்கிறேன். இருட்டு, மழை எதுவானாலும் நூல் பிடித்த மாதிரி ஓட்டுவான். வீட்டுக்குப் போனபோது என் பையன் தரையில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தான். பன்னிரண்டு வயசு. கண் இரண்டும் நெருப்புத்துண்டு மாதிரி இருந்தது. அதற்குமேல் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

மேடத்தை அதற்குப் பிறகு நான் எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். தெரியாத வரைக்கும் எனக்கு இருந்தது ஒரு பழைய துக்கம், தெரிந்த பிறகு அது தினமும் விடிகிற பயமாகிவிட்டது. ஆனால் என்னைத் தனியாக விட்டுவிடவும் இல்லை அவர். ஒரு நாள் தட்டு கழுவுகிற இடத்துக்கே வந்து என் பக்கத்தில் நின்றார். பையனுக்கு சிகரெட் கூடாது, குடி கூடாது, அது இரண்டும் அந்த நரம்பைச் சீக்கிரம் சாய்க்கும் என்றார். முதலில் சிவப்பு நிறம்தான் மங்கும் என்றார். வயசு வந்ததும் அவனிடம் சொல்லிவிடுங்கள், ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற டெஸ்ட் இருக்கிறது, பார்ப்பதா வேண்டாமா என்று அவனே முடிவு பண்ணட்டும் என்றார். அப்புறம் ஈரமாக இருந்த என் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, “இது தப்பு இல்லக்கா. யாரும் செஞ்சது இல்ல” என்றார். சோப்புத் தண்ணீர் அவர் புடவையில் வடிந்தது. மறுவருஷம் வடக்கே எங்கேயோ வேலை கிடைத்துப் போனார். விலாசம் கேட்க எனக்குக் கூச்சம். எங்கே இருக்கிறாரோ.

அதிலிருந்து சிவப்புதான் எனக்கு எமன். கடைக்குப் போனால் தக்காளியில் பழம் எது, காய் எது என்று பையனைப் பொறுக்கச் சொல்வேன். காய்ந்த மிளகாயில் பழுப்பு பொறுக்கச் சொல்வேன். வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சிக்னலில் என்ன கலர்டா என்பேன். டிப்ளமா படிக்கும்போது ஒரு நாள் அவன் சட்டையில் சிகரெட் வாசனை வந்தது. என் வாழ்நாளில் அவனை அன்றைக்குத்தான் அடித்தேன். அடித்துவிட்டு, மேடம் சொன்னதை எல்லாம் அவனுக்குச் சொன்னேன். அவன் அசையாமல் கேட்டான். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் புதுச்சேரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். இருக்கிறது என்று சொன்னார்கள். வரும் என்று சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. “வந்தா நல்லதும்மா, உன்கூட உக்காந்து சீரியல் பாக்கற தொல்ல இல்ல” என்றான். எப்போதும் இப்படித்தான், எதையாவது சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். இந்தப் பிள்ளைக்குப் பயமே கிடையாது, அவன் பங்கையும் சேர்த்து நான்தான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அவனுக்கு இருபத்தேழு. கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் வாடகை வீடு, பக்கத்திலேயே ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. காற்று திரும்புகிற நாளில் மூக்கைப் பொத்திக்கொள்ளவேண்டும். சிகரெட் புகையே ஆகாது என்றார் மேடம், இந்தப் புகையைப் பற்றி நான் யாரைக் கேட்பது. இந்த வருஷம் அண்ணாகிராமத்துப் பக்கம் ஒரு பெண் பார்த்தோம். முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண், பண்ருட்டியில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. அவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்கு, காபி கொடுத்து முடித்ததும் பெண்ணின் அப்பா கேட்டார். “தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க தம்பிக்குக் கண்ணு தெரியாதாமே. பரம்பரையா ஏதாவது இருக்கா? நாளைக்கு எங்க பேரப்பிள்ளைங்கள பாக்கணும்ல?”

எங்கப்பா கேட்ட அதே கேள்விதான். தம்பிக்கு வயலில் நெல் சுனை குத்திக் கண் போனது என்று சொல்லிவிடச் சொல்லி எங்கள் உறவில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. என் பையன் என்னையே பார்த்தான். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அங்கேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, மேடம் சொன்னதைச் சொன்னேன். குளத்து அமீபாவில் ஆரம்பித்துவிட்டேன், வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு பொட்டு, வெளியே சின்னப் பொட்டு, வெளியே இருக்கிறது தாய் கொடுக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் மகள் கொடுப்பதுதான் போகும், அவர்கள் கண்ணுக்கு எங்களால் ஒன்றும் வராது. என் பையனுக்கு நான் கொடுத்தது இருக்கிறது. அவனுக்கு வரலாம். வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது. இவ்வளவு நீளமாக நான் யார் முன்னாலும் பேசினது இல்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை.

பையன் தன் பாட்டுக்கு ஷிப்டுக்குப் போனான், வந்தான். நான் அவன் வாழ்க்கையை என் வாயாலேயே முடித்துவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை.

நேற்று மத்தியானம் என் போனுக்கே அந்தப் பெண் கூப்பிட்டாள். பின்னால் ரோட்டுச் சத்தம். “அத்தை, நான்தான்” என்றாள். பிள்ளைகளுக்கு வராது என்றது நிஜம்தானா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். அவருக்கு வந்தால் எப்படி இருக்கும் என்றாள். மறைக்கவில்லை. நடுவில் தெரியாது, ஓரம் தெரியும், எழுத்து படிக்கமுடியாது, வண்டி ஓட்டமுடியாது என்று என் தம்பியைப் பார்த்ததை எல்லாம் சொன்னேன்.

“அப்பா யோசிக்கிறாரு அத்தை, யோசிக்கட்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். என் பின்னால உக்காந்து வர்றதுக்கு அவருக்கு வெக்கமா இருக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

சாயங்காலம் பையன் வந்ததும், செருப்பைக் கழற்றக்கூட விடாமல் சொன்னேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். “இன்னொரு தடவ சொல்லு, என்ன சொன்னா?” என்றான். சொன்னேன். வழக்கம்போல ஏதாவது கேலி செய்வான் என்று பார்த்தேன். அவன் உதடு கோணியது. ஹெல்மெட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்தான், அது உருண்டு போனது. பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். தோள் இரண்டும் குலுங்கியது. சின்னப்பிள்ளையில்கூட அவன் அப்படி அழுது நான் பார்த்தது இல்லை.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, “வெக்கம்லாம் இல்லன்னு சொல்லும்மா” என்றான். நானாக யாருக்கும் போன் போட்டுப் பழக்கமில்லை. அவள் நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினேன்.